கடலடியில் ஒரு குடிசன மதிப்பீடு



கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதம் கிடைத்தது. கணவரைப் போரில் இழந்தவர். மூன்று பிள்ளைகள். கருவாடு போட்டும், வலை தெரிந்தும், வற்றுக் காலத்தில் கரையோரம் மட்டி பொறுக்கியும் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். அவர் கேட்டிருப்பதை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்.

"அக்கா, எங்கட கடலில கொஞ்ச நாளாக ஆக்கள் வள்ளத்தில வந்து முருகைக்கல்லுப் பக்கம் சுழியோடுகினம். நாடா பிடிச்சு அளக்கினம், படம் எடுக்கினம். கேட்டால், முருகைக்கல்லின்ர சுகத்தைப் பாக்கிறம் எண்டு சொல்லுகினம். கல்லுக்கு என்ன சுகம்? முந்திக் காணியை அளந்தவை, பிறகு எங்களை அதுக்குள்ள விடேல்லை. இப்ப கடலையும் அளந்து பிடிக்கப் போகினமோ?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கல்லுக்கு என்ன சுகம் என்பது ஒன்று. அளந்தால் பறித்துவிடுவார்களா என்பது மற்றது. வேலிக்கு வெளியே நின்று சொந்தக் காணியைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு, இரண்டாவது கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். அதை வீண் பயம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆனால் முதற் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதற்கு நியாயமாகப் பதில் சொல்லலாம்.

கல்லா, உயிரா?

முருகைக்கல் என்று நாங்கள் சொன்னாலும் அது வெறுங்கல் அல்ல. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறிய உயிர்கள் ஆயிரக் கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் ஊர் அது. ஒவ்வோர் உயிரும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் வீடு கட்டுகிறது. பழைய வீட்டின் மேல் புதிய வீடு கட்டக் கட்டத்தான் பார் வளர்கிறது. இந்த உயிரின் உடலுக்குள் இன்னும் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து வீட்டுக்கார உயிருக்கும் பங்கு கொடுக்கிறது. முருகைக்கல்லின் நிறம் பெரும்பாலும் அந்தப் பாசி தருவதுதான்.

மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவில் வளரக் கூடியது. உருண்டையாகப் பாறை போல் வளரும் வகைக்கு ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிய காரியம். ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டை நின்றால், எங்கள் பூட்டிக்குப் பூட்டி பிறக்க முன்பே அது வளரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு நங்கூரம் அதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடும்.

உலகக் கடலடியில் முருகைக்கற் பார்கள் இருக்கும் இடம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் கடல் உயிரினங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தன் வாழ்நாளின் ஏதோ ஒரு காலத்தில் அதை நம்பி இருக்கிறது. கலவாய், விளைமீன், ஓரா, கணவாய், சிங்கி இறால் எல்லாம் அங்கே முட்டையிட்டோ, ஒளிந்தோ, இரை தேடியோ வாழ்பவை. ஆழ்கடலுக்குப் போக ஆளும் இயந்திரமும் இல்லாத வீடுகளுக்குக் கரையை அண்டிய இந்த மீன்தான் சோற்றுக்கு வழி. ஆண் துணை இல்லாத குடும்பங்களில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

கரைக்கும் அது காவல். பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அலையின் வலுவில் சராசரியாக 97 வீதத்தைப் பார்கள் உடைத்துவிடுகின்றன என்று கணக்கிட்டது. சுனாமி போன்ற பேரலையை எந்தப் பாரும் முழுவதும் தடுக்காது. ஆனால் நாளாந்தம் கரையை அரிக்கும் அலையைத் தணிப்பது அதுதான். பார் செத்தால் கொஞ்சக் காலத்தில் அது நொறுங்கும். பிறகு அலை நேரே வாடிக்கும் வீட்டுக்கும் வரும்.

வெளிறல் என்ற நோய்

கடல் நீரின் சூடு, அந்த இடத்தில் வழமையாகக் கோடையில் வரும் உச்சத்தை விட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் உள்ளே இருக்கும் பாசி வெளியேறிவிடும். அப்போது உடலின் ஊடாகச் சுண்ணாம்பு தெரிவதால் முருகைக்கல் வெள்ளையாகிவிடும். இதை வெளிறல் என்கிறார்கள். வெளிறியது உடனே செத்துவிட்டது என்று பொருள் அல்ல. பட்டினி கிடக்கும் பிள்ளையின் நிலை அது. தண்ணீர் விரைவில் குளிர்ந்தால் பாசி திரும்பும், நிறமும் திரும்பும். சூடு நீடித்தால் இறந்துவிடும். இறந்த பின் அதன் மேல் பச்சை, மண்ணிறப் பாசி தூசு போலப் படரும். வெள்ளை என்றால் இன்னும் தவணை இருக்கிறது, தூசு படிந்தால் முடிந்தது என்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

1998இல் இந்து சமுத்திரம் முழுவதும் இந்தச் சூடு வந்தது. கற்பிட்டிக்கு அப்பால் இருக்கும் 'பார் றீஃப்' இலங்கையின் மிக வளமான பார்களில் ஒன்றாக இருந்தது. அதன் ஆழம் குறைந்த பகுதிகளில் உயிருள்ள முருகைக்கல் கிட்டத்தட்ட முற்றாக அழிந்தது. தெற்கே ஹிக்கடுவையிலும் பெரும் சேதம். திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் அந்த முறை பெரும்பாலும் தப்பின. பார் றீஃப் பல ஆண்டுகளில் மெல்லத் தேறி வந்தபோது, 2016இல் மறுபடியும் அடி விழுந்தது. உலகப் பார்களின் நிலை பற்றி 2021இல் வெளிவந்த பெரிய அறிக்கை, 2009க்கும் 2018க்கும் இடையில் உலகிலுள்ள முருகைக்கல்லில் 14 வீதம் இழக்கப்பட்டதாகக் கூறியது. 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளிறல் நான்காவது தடவையாக நடந்து கொண்டிருப்பதாக அறிவிக்கப்பட்டது.

எது அழிந்தது, எது தப்பியது, எது தேறியது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அழிவுக்கு முன்னரும் பின்னரும் யாரோ இறங்கி எண்ணியிருக்கிறார்கள். எங்கள் நாட்டில் 'நாரா' என்று அழைக்கப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகத்தின் ஆய்வாளர்கள், குறிப்பாக அர்ஜன் ராஜசூரிய, 1980களிலிருந்து இந்த வேலையைச் செய்து வந்தார்கள். சகோதரியின் ஊரில் வள்ளத்தில் வந்தவர்கள் செய்வதும் இதுதான். ஊருக்கு எடுக்கும் குடிசன மதிப்பீட்டைப் போலக் கடலடிக்கு எடுக்கிறார்கள்.

எங்கே இருக்கிறது என்று அறிவது

முதல் வேலை, பார் எங்கே, எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று வரைபடம் போடுவது. இது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. கரையில் இருக்கும் கோயிற் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரு கோட்டில் வர, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் ஒரு கோட்டில் வர, அந்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல் இருக்கிறது என்று அப்பாவும் அம்மானும் சொல்லித் தந்ததை எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம். ஈயக் குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழத்தைப் பாகக் கணக்கில் சொன்னார்கள். மன்னார்க் கடலின் முத்துப் பார்களை ஆராய 1902இல் ஹேர்ட்மன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. முத்துக் குளித்தவர்களும் தோணிக்காரரும் வழிவழியாக அறிந்திருந்த கடல் அது.

இன்று செய்மதி எடுக்கும் படங்களிலிருந்து வரைபடம் தயாரிக்கிறார்கள். உலகின் ஆழம் குறைந்த பார்கள் அனைத்தையும் காட்டும் 'அலன் கோரல் அட்லஸ்' என்ற வரைபடம் 2021இல் முடிக்கப்பட்டது. அதை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் தண்ணீர் கலங்கியிருந்தாலோ, ஆழம் கூடினாலோ செய்மதியின் கண்ணுக்கு அடி தெரியாது. அங்கே ஒலியை அனுப்பிப் பார்க்கிறார்கள். கடல் நீரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் போகும். வள்ளத்திலிருந்து அனுப்பிய ஒலி அடியில் பட்டு ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால், அது போய்வந்த தூரம் 30 மீற்றர். ஆகவே ஆழம் 15 மீற்றர். இப்படி ஆயிரம் இடத்தில் அளந்தால் மேடு பள்ளம் எல்லாம் படமாகிவிடும்.

படம் போட்டாலும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். வள்ளத்தின் பின்னால் கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, அதைப் பிடித்தபடி ஒரு சுழியோடி நீரின் மேல் மிதந்து போவார். வள்ளம் நடை வேகத்தில் போகும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துவார்கள். பார்த்ததில் உயிருள்ள கல் எவ்வளவு, செத்தது எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பலகையிலேயே குறிப்பார். ஜி.பி.எஸ். கருவியில் அந்த இடத்தின் குறியீடும் பதிவாகும். பெரிய பாரைக் குறைந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க இது நல்ல வழி.

சுகம் பார்க்கும் விதம்

அடுத்ததுதான் நாடா. 'றீஃப் செக்' என்ற முறை 1997 முதல் பல நாடுகளில் தொண்டர்களாலேயே செய்யப்பட்டு வருகிறது. அதை இங்கே விளக்குகிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

கடலடியில் ஒரே ஆழத்தில் அளவு நாடாவை விரிப்பார்கள். 20 மீற்றர் கொண்ட நான்கு துண்டுகள், இடையில் 5 மீற்றர் இடைவெளி. ஒவ்வோர் அரை மீற்றருக்கும் ஒரு குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதன் நுனி தொடுவது என்ன என்று எழுதுவார்கள். உயிருள்ள வன்கல், மென்மையான வகை, அண்மையில் செத்தது, மேலே மண்டும் பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைந்த கல், மணல், சேறு, மற்றவை என்று பத்து வகை. ஒரு துண்டுக்கு 40 புள்ளி, நான்குக்கும் 160 புள்ளி. அதில் 56 புள்ளி உயிருள்ள வன்கல்லில் பட்டால், 160இல் 56, அதாவது 35 வீதம். அடுத்த ஆண்டும் அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே மாதத்தில் எண்ண வேண்டும். ஒரு தடவை எண்ணியது வெறும் இலக்கம். பல ஆண்டு எண்ணினால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

கல்லை மட்டும் எண்ணினால் போதாது. நாடாவின் இரு பக்கமுமாக 5 மீற்றர் அகலத்தில் மீனையும் எண்ணுவார்கள். வண்ணாத்தி மீன் உயிருள்ள கல்லை நம்பியிருப்பது. அது குறைந்தால் கல்லுக்கு ஏதோ நடக்கிறது. கிளிமீன் பாசியைச் சுரண்டித் தின்று கல்லைத் துப்புரவாக வைத்திருப்பது. அது பிடிபட்டு முடிந்தால் பாசி மண்டி, புதுக் குஞ்சுக் கல் ஒட்ட இடமில்லாமற் போகும். பெரிய கலவாய் இல்லாவிட்டால் மிஞ்சிப் பிடித்துவிட்டோம் என்று அறியலாம். கடலட்டை, சிங்கி இறால், முருகைக்கல்லைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீன் இவற்றையும் எண்ணுவார்கள். வைத்தியர் நாடி, நாக்கு, கண் எல்லாம் பார்ப்பதைப் போலத்தான் இது.

நிறத்தைக் கொண்டு சுகம் பார்க்கவும் ஓர் எளிய அட்டை உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய 'கோரல் வோச்' திட்டத்தினுடையது. அட்டையில் வெளிர் நிறம் முதல் கடும் நிறம் வரை 1 முதல் 6 வரை இலக்கமிட்டிருக்கும். கல்லின் மிக வெளிறிய இடத்தையும் மிகக் கடுமையான இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு இலக்கத்தைக் குறித்தால் போதும். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி போட்டுக் கோடு இழுப்பார்களே, அதே யோசனை. கோடு இறங்கத் தொடங்கும்போதே கவனித்தால் காப்பாற்றலாம்.

நிலாவெளிக் கடலில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், இப்படியான வேலைக்குப் போன ஒரு குழுவுடன் இரண்டு நாள் நானும் வள்ளத்தில் இருந்தேன். எனக்குச் சுழியோடத் தெரியாது. மேலே வந்தவர்கள் பிளாஸ்ரிக் பலகையில் பென்சிலால் எழுதிக் கொண்டு வந்த புள்ளிகளைக் கொப்பியில் படியெடுப்பது என் வேலை. தண்ணீருக்குள்ளும் பென்சில் எழுதும் என்பதையே அன்றுதான் அறிந்தேன். பக்கத்தில் இருந்த தங்கச்சி முன்பு கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். நாடாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எங்கட வேலை மாதிரியே இருக்கு" என்றாள். கயிறு பிடித்து, கட்டம் பிரித்து, ஓர் அடி விடாமற் பார்த்து, பார்த்ததை எல்லாம் பதிந்து, பிறகுதான் அடுத்த அடி. வடக்கில் எத்தனையோ பெண்கள், குடும்பத் தலைவிகள், முழங்காலில் நின்று அந்த வேலையைச் செய்தார்கள். அந்தப் பொறுமை உள்ளவர்களுக்குக் கடலைக் கணக்கெடுப்பது கடினமான காரியமே அல்ல.

போர் விட்ட வெற்றிடம்

ஒரு கவலையான உண்மையையும் சொல்ல வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் பார்களை எண்ணத் தொடங்கிய காலத்தில், எங்கள் கடலின் பெரும்பகுதியில் இறங்க முடியவில்லை. கடல் வலயத் தடை, கடற்சண்டை, மீன்பிடிக்கும் நேரக் கட்டுப்பாடு எல்லாம் இருந்த ஆண்டுகள் அவை. அதனால் வடக்குக் கிழக்கின் பல பார்களுக்குப் பழைய கணக்கு இல்லை. 'முந்தி இப்படி இருந்தது' என்று சொல்ல எழுத்தில் ஆதாரம் குறைவு. இருப்பது எங்கள் ஆட்களின் நினைவு மட்டும். காணாமற் போனவர்களுக்காகக் கடிதக் கட்டும் படமும் வைத்துக் கொண்டு அலைந்த தாய்மாருக்கு, எழுத்தில் இல்லாததை இல்லை என்றே சொல்லிவிடுவார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கடலிலும் அப்படித்தான். 2021இல் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. இழப்பீடு கேட்டபோது, முன்பு கடல் எப்படி இருந்தது என்ற கணக்குத்தான் முக்கியமாகத் தேவைப்பட்டது. உயர் நீதிமன்றம் 2025 யூலையில் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. நாளை எங்கள் கரைக்கு அப்பால் அப்படி ஒன்று நடந்தால், அல்லது இழுவைமடி வந்து பாரின் ஓரத்தை வாரிக் கொண்டு போனால், நாங்கள் எதைக் காட்டுவோம்? அடிமட்ட இழுவைமடித் தொழிலை 2017இல் எங்கள் நாட்டுச் சட்டம் தடை செய்தது. ஆனாலும் இழந்ததன் அளவைச் சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

அளந்தால் பறிப்பார்களா?

இனி இரண்டாவது கேள்வி. வரைபடம் தானாக எதையும் பறிப்பதில்லை, தானாக எதையும் காப்பதும் இல்லை. அது யார் கையில் இருக்கிறது, அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலாவெளிக்கு அப்பால் இருக்கும் புறாத்தீவை எடுத்துக் கொள்ளுங்கள். 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்கா என்றான பின் அங்கே பிடிக்கவும் எடுக்கவும் சட்டம் விடாது. போர் முடிந்த 2009க்குப் பின் உல்லாசப் பயணிகள் ஆயிரக் கணக்கில் வரத் தொடங்கினார்கள். காலால் மிதித்து உடைத்ததும் உண்டு. ஒரு பக்கம் மீனவருக்குத் தடை, மறுபக்கம் பார்க்க வருபவர்களால் சேதம். பாரின் சுகத்தை ஒழுங்காகப் பார்த்து வந்தால்தான், எத்தனை பேரை விடலாம், எப்போது மூட வேண்டும் என்று கேட்க எங்களுக்கும் வாய் இருக்கும்.

கடலின் மறுகரையிலும் ஒரு பாடம் உண்டு. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் வழிவழியாக அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்து வாழ்ந்தவர்கள். கோடு போட்டவர்களின் வரைபடத்தில் இந்தப் பெண்கள் இல்லை. ஒரே நாளில் அவர்கள் குற்றவாளிகள் போலானார்கள். அவர்கள் அழுதுகொண்டு இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்கள் பெருகும் தடைக் காலத்தில் நிறுத்துவது என்று தாங்களே விதி வகுத்தார்கள். 'நாங்களும் இந்தக் கடலைக் காப்பவர்கள்' என்று பேசினார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் 'சீகொலொஜி' பரிசு கிடைத்தது. அதே கடலில் 2016இல் வெளிறல் வந்தபோது, உயிருள்ள முருகைக்கல் ஏறத்தாழ 39 வீதத்திலிருந்து 23 வீதமாகக் குறைந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். பாசி எடுக்கும் பெண்கள் மேல் மட்டும் பழி போட முடியாமல், கடல் சூட்டின் பங்கையும் அந்தக் கணக்குக் காட்டியது.

இங்கும் கரையோரக் கடலைக் கடலட்டைப் பண்ணைக்கு அடைப்பது பற்றி 2021, 2022இல் வடக்கு மீனவர்கள் கேள்வி எழுப்பினார்கள். பண்ணையால் வருமானம் பெறும் பெண்களும் இருக்கிறார்கள், இறால் பிடிக்கும் இடத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். எந்தத் தீர்மானமாக இருந்தாலும், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் பாவித்தார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்தை வெறும் இடம் என்று எவரும் சொல்லிவிடலாம்.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். அளக்க வருபவர்களைத் துரத்த வேண்டாம். அவர்களைச் சும்மா விடவும் வேண்டாம்.

செய்யக் கூடியவை

முதலாவது, கேளுங்கள். நீங்கள் எந்த நிறுவனம்? யாருடைய அனுமதி? எதற்காக அளக்கிறீர்கள்? முடிவை எங்கள் ஊருக்கு, எங்கள் மொழியில், எப்போது தருவீர்கள்? எங்களில் இரண்டு பெண்களைப் பதிவு வேலைக்குச் சேர்ப்பீர்களா? நேர்மையாக வந்தவர்கள் இந்த ஐந்து கேள்விக்கும் கோபிக்க மாட்டார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாகவோ, மாதர் சங்கத்தின் ஊடாகவோ கேட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பதில் வராவிட்டால் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச திணைக்களம் எதனிடமும் ஆய்வு அறிக்கையைக் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நீங்களே எழுதி வையுங்கள். ஒரு கொப்பி போதும். திகதி, இடம், தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்த மீன் எவ்வளவு வந்தது, கல் வெளிறியதைக் கண்டார்களா, கரை எவ்வளவு அரித்தது. தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டில் பாரம் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கலாம். வள்ளத்தில் போகும் தம்பியோ மகனோ இதைச் செய்வார்கள். பாரின் மேல் நடக்க வேண்டாம் என்றும், நங்கூரத்தை மணலில் போடச் சொல்லியும் அவர்களிடம் சொல்லுங்கள்.

நான்காவது, வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கல்லுகளின் பெயர்கள், எந்தக் கல்லில் எந்த மாதம் என்ன மீன், எந்த ஆண்டு வரை இருந்தது. போர்க்கால வெற்றிடத்தை நிரப்ப எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஆவணம் அவர்கள்தான். எங்கள் ஊர்களில் அப்படியானவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

ஐந்தாவது, உயர்தரம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்லுங்கள். கடல் ஆய்வும் வரைபடம் போடுவதும் பெண்களுக்கு ஆகாத வேலை என்று யாராவது சொன்னால், கண்ணிவெடி நிலத்தில் வேலை செய்த எங்கள் பெண்களை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் ஊரில் யாராவது இப்படிக் கணக்கெடுக்க வந்திருந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள், முடிவைத் தந்தார்களா என்று எழுதுங்கள். தகவலறியும் உரிமை விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்காக, அதை எப்படி எழுதுவது என்று அடுத்த மாதம் மாதிரிக் கடிதத்துடன் தருகிறேன்.

அதுவரை சுகமாக இருங்கள்.